அரசியின் எலும்புகள் எந்தப் பெட்டியில்?

இங்கிலாந்தின் வின்செஸ்டர் பேராலயத்தில் ஆறு மரப்பெட்டிகள் உண்டு. வண்ணம் தீட்டி, ஓட்டு வீட்டுக் கூரை போல மூடி போட்டவை. பழைய ராஜாக்கள், ஆயர்களின் பெயர்கள் அவற்றின் மேல் லத்தீனில் எழுதியிருக்கும். அந்தப் பெயர்களை நம்பினால் ஏமாந்து போவோம். 1642 டிசம்பரில், உள்நாட்டுப் போர் மூண்டிருந்த நேரம், பாராளுமன்றப் படைவீரர்கள் பேராலயத்துக்குள் புகுந்து பெட்டிகளைக் கவிழ்த்தார்கள். வண்ணக் கண்ணாடி ஜன்னல்களை உடைக்க அவர்கள் கையில் கிடைத்த கல், ராஜாக்களின் எலும்புதான். பிற்பாடு யாரோ எல்லாவற்றையும் பொறுக்கிப் பெட்டிக்குள் போட்டார்கள். எது யாருடையது என்று பார்த்துப் பார்த்தா போட்டிருப்பார்கள்?

குளறுபடி அதற்கும் முன்பே தொடங்கியாயிற்று. பழைய ஆலயத்தை இடித்துவிட்டு நார்மன்கள் புதிதாகக் கட்டினார்கள். 12-ஆம் நூற்றாண்டில் ஆயர் ஹென்றி பழைய கல்லறைகளின் எலும்புகளை இடம் மாற்றினார். பல கல்லறைகளில் பெயரே இல்லாததால் ராஜாவும் ஆயரும் ஒன்றாகக் கலந்தார்கள்.

2012-இல் பெட்டிகளைத் திறந்து ஆய்வு தொடங்கியது. பிரிஸ்டல் பல்கலைக்கழக மானுடவியலாளர்களின் கைக்கு வந்தவை 1,300-க்கும் மேற்பட்ட எலும்புகள். பெட்டிகளில் எழுதியிருந்த பெயர்கள் ஒரு டஜனை ஒட்டித்தான் வரும். எலும்புகளோ குறைந்தது 23 பேருடையவை. இப்படி எண்ணுவதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. மனிதருக்கு வலது தொடையெலும்பு ஒன்றுதான். ஒரு குவியலில் ஏழு வலது தொடையெலும்புகள் கிடைத்தால் அங்கே குறைந்தது ஏழு பேர். மற்ற எலும்புகளையும் இப்படியே எண்ணி, எது அதிகமோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு வயது, அளவு, வளர்ச்சி பார்த்து ஜோடி சேர்ப்பார்கள்.

அடுத்த கேள்வி, ஆணா பெண்ணா? அதற்கு இடுப்பெலும்பு பதில் சொல்லும். பெண்ணுக்கு அதன் முன்பக்கக் கோணம் அகலமாகவும் பின்பக்கப் பள்ளம் விரிந்தும் இருக்கும். பல பெட்டிகளில் சிதறிக் கிடந்த எலும்புகளைச் சேர்த்துப் பார்த்தபோது முதிர்ந்த வயதுப் பெண் ஒருத்தியின் உடல் உருவானது. பெட்டிகளில் எழுதியிருந்த ஒரே பெண் பெயர் எம்மா.

எம்மா நார்மண்டி பிரபு முதலாம் ரிச்சர்டின் மகள். வடக்கிலிருந்து கப்பலில் வந்து அந்த நாட்டைப் பிடித்த ரோலோவின் கொள்ளுப்பேத்தி. 1002-இல் கடல் கடந்து வந்து இங்கிலாந்தின் மன்னர் ஈதல்ரெட்டுக்கு இரண்டாம் தாரமானாள். காதலும் கத்தரிக்காயும் அல்ல. இங்கிலாந்தைக் கொள்ளையடித்த வைக்கிங்குகள் நார்மண்டித் துறைமுகங்களில் இளைப்பாறினார்கள். அந்தக் கதவைச் சாத்த ஒரு சம்பந்தம் தேவைப்பட்டது. புகுந்த வீட்டில் அவள் பெயரையே மாற்றி, ஏல்ஃப்கிஃபு என்று ஆங்கிலப் பெயர் வைத்தார்கள்.

சம்பந்தம் பலிக்கவில்லை. 1016-இல் ஈதல்ரெட் இறந்தார்; அந்த ஆண்டு முடிவதற்குள் டென்மார்க்கின் கனூட் நாட்டையே பிடித்துவிட்டான். மறு ஆண்டு எம்மா அவனுக்கு மனைவியானாள். ஈதல்ரெட்டுக்குப் பிறந்த எட்வர்டும் ஆல்ஃப்ரெட்டும் நார்மண்டியில் மாமன் வீட்டில் வளர்ந்தார்கள். கனூட்டுக்கு ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள். அந்தச் சக்களத்தியின் பெயரும் ஏல்ஃப்கிஃபுதான்!

1031 வாக்கில் வரைந்த ஓவியம் ஒன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. கனூட்டும் எம்மாவும் பலிபீடத்தில் பெரிய சிலுவையொன்றைச் சாத்துகிறார்கள். அவன் ஒரு கை சிலுவையில், மறு கை வாள் பிடியில். மேலே கிறிஸ்து, அவருக்கு வலப்புறம், மரியாளுக்கு நேர் கீழே எம்மா. ராஜா நிற்பது இடப்புறம்.

1035-இல் கனூட் போனதும் சக்களத்தி மகன் ஹெரால்ட் அரியணையைப் பிடித்தான். தாயைப் பார்க்க வந்த ஆல்ஃப்ரெட்டைப் பிடித்துக் கண்ணைக் குருடாக்கினார்கள். அவன் பிழைக்கவில்லை. எம்மா பிளாண்டர்ஸுக்கு ஓடினாள். 1040-இல் ஹெரால்ட் இறக்க, கனூட்டுக்குப் பிறந்த தன் மகன் ஹார்தகனூட்டுடன் திரும்பினாள்.

அப்போது அவள் செய்த வேலைதான் எனக்கு மிகப் பிடித்தது. பிளாண்டர்ஸ் துறவி ஒருவரைக் கொண்டு தன் புகழை லத்தீனில் நூலாக எழுத வைத்தாள். அதில் ஈதல்ரெட் என்ற பெயரே கிடையாது. பதினான்கு வருடத் தாம்பத்தியம் ஒரு வரி இல்லாமல் காணாமல் போய்விட்டது. எட்வர்டும் ஆல்ஃப்ரெட்டும் கனூட்டின் பிள்ளைகள்தான் என்று வாசகர் நினைத்துக்கொள்ளும்படி வாக்கியங்கள் வளைந்து போகின்றன. ஆல்ஃப்ரெட்டை வரவழைத்த கடிதம் அவள் பெயரில் ஹெரால்ட் செய்த போலி என்றும் நூல் சாதிக்கிறது. அந்தக் கடிதம் அவளே எழுதியதாக இருக்கலாம் என்று சந்தேகிக்கும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. அந்தச் சந்தேகம் எனக்கும் உண்டு.

1042-இல் ஹார்தகனூட் ஒரு திருமண விருந்தில் குடித்துக்கொண்டிருந்தபடியே சாய்ந்தான். எட்வர்ட் மன்னனானான். ஹார்தகனூட்டின் காலத்தில் எழுதிய நூலின் முடிவு இப்போது ஒத்துவராதே! 2008-இல் இங்கிலாந்தில் அந்நூலின் இன்னொரு பிரதி வெளிப்பட்டது. அதில் கடைசிப் பகுதி திருத்தப்பட்டு எட்வர்டின் புகழோடு முடிகிறது. எட்வர்ட் அதற்கு மசிந்ததாகத் தெரியவில்லை. 1043 நவம்பரில் மூன்று பெரும் பிரபுக்களுடன் குதிரையேறி வின்செஸ்டருக்கு வந்து, தாயின் பொன்னையும் வெள்ளியையும் அள்ளிக்கொண்டு போனான். தனக்கு அவள் ஒன்றும் செய்யவில்லை என்பது அவன் குறை. 1052-இல் எம்மா இறந்து கனூட்டின் பக்கத்தில் அடக்கமானாள்.

எட்வர்டுக்குக் குழந்தை இல்லை. எம்மாவின் உடன்பிறந்தவன் பேரன் நார்மண்டியின் வில்லியம், அத்தைப்பாட்டி வழி உறவைச் சொல்லி உரிமை கேட்டான். 1066-இல் வந்து நாட்டை எடுத்துக்கொண்டான்.

பெட்டியில் கிடைத்த பெண் அவள்தானா? உயிர் போனபின் எலும்பில் உள்ள கார்பன்-14 குறைந்துகொண்டே வரும். 5,730 ஆண்டுகளில் பாதியாகும். மிஞ்சியதை அளந்து காலத்தைக் கணிக்கலாம். கிடைப்பது ஒரு தேதியல்ல, பல பத்தாண்டுகள் நீளும் இடைவெளி. கடல் மீன் நிறையச் சாப்பிட்டவரின் எலும்பு உள்ளதைவிட வயதானதாகக் காட்டும் என்பதால் அதையும் கழிக்க வேண்டும். எந்தத் தலைமுறை என்று கார்பன் சொல்லும். எந்த மனுஷி என்று சொல்லாது.

மரபணு இன்னொரு வழி. மைட்டோகாண்ட்ரியா மரபணு தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வரும்; மகனுக்கும் வரும், அவனோடு நின்றுவிடும். ஆகவே ஒப்பிட்டுப் பார்க்க எம்மாவின் பிள்ளையோ தாய்வழி உறவோ ஒருவராவது வேண்டும். ஹார்தகனூட்டைப் புதைத்ததும் இதே வின்செஸ்டரில்தான். இருபதுகளின் நடுவில் இறந்த அவனும் அந்த 23 பேர் கூட்டத்தில் கலந்திருந்தால், பெண்ணின் எலும்போடு பொருத்திப் பார்க்கலாம். இல்லையென்றால் அடுத்து நினைவுக்கு வருவது எட்வர்ட். தாயின் பெட்டிகளைக் காலி செய்து போன அந்த மகன் வெஸ்ட்மின்ஸ்டரில், புனிதர் என்ற பட்டத்தோடு, மூடிய கல்லறைக்குள் இருக்கிறான்.