தலைக்கட்டும் மாணவர் பதிவேடும்: சிற்றூர்ப் பள்ளிவாசலும் மக்தப் மதரஸாவும் ஆற்றும் சமுதாயப் பணி

ஆய்வுச்சுருக்கம்

பள்ளிவாசலைத் தொழுகைக்குரிய இடமாக மட்டும் காண்பது அதன் சமுதாயப் பணியை முழுமையாக விளக்காது. மஹல்லாவின் திருமணம், அடக்கம், உதவி, பிணக்குத் தீர்வு ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் ஜமாஅத்தும், குழந்தைகளுக்கு மார்க்கக் கல்வி அளிக்கும் மக்தப் மதரஸாவும் பள்ளிவாசலைச் சார்ந்தே இயங்குகின்றன. ஜமாஅத் குடும்பத்தை அலகாகக் கொள்கிறது. மக்தப் குழந்தையை அலகாகக் கொள்கிறது. இவ்வேறுபாடு பெண்களின் இடத்தை எவ்வாறு பாதிக்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: ஜமாஅத், மஹல்லா, தலைக்கட்டு, மக்தப் மதரஸா, அரபுத்தமிழ், நிக்காஹ் பதிவேடு

முன்னுரை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களுள் 5.86 விழுக்காட்டினர் முஸ்லிம்கள். தமிழக முஸ்லிம்கள் குறித்த ஆய்வுகள் பெரிதும் காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் முதலிய கடற்கரை ஊர்களையே மையமாகக் கொண்டுள்ளன. தருமபுரி மாவட்டம் ஏரியூர் போன்ற உள்நாட்டுச் சிற்றூர்கள் அவ்வளவாகக் கவனம் பெறவில்லை. பெருநகரத்தில் பள்ளி, நூலகம், அறக்கட்டளை, திருமண மண்டபம் எனப் பல நிறுவனங்கள் பகிர்ந்து செய்யும் பணிகளைச் சிற்றூரில் ஒரே பள்ளிவாசல் ஏற்க வேண்டியிருக்கிறது. எனவே, பள்ளிவாசலின் சமுதாயப் பணியை ஆராய்வதற்குச் சிற்றூரே தக்க களமாகும்.

ஜமாஅத்தும் தலைக்கட்டும்

பள்ளிவாசலைச் சூழ்ந்த குடியிருப்பு மஹல்லா எனவும், அதன் மக்கள் கூட்டமைப்பு ஜமாஅத் எனவும் வழங்கப்பெறும். முத்தவல்லியோ நிருவாகக் குழுவோ சொத்துகளையும் வரவு செலவுகளையும் கவனிக்க, இமாம் தொழுகை நடத்துகிறார். மோதினார் பாங்கு சொல்கிறார். பள்ளிவாசல் வக்ஃபு சொத்தாயின் அது தமிழ்நாடு வக்ஃபு வாரியத்தின் மேற்பார்வைக்கு உட்படும்.

ஜமாஅத் தன் மக்களைத் தலைக்கட்டுக் கணக்கில் எண்ணுகிறது. சந்தாவோ வரியோ செலுத்தும் குடும்பம் ஒரு தலைக்கட்டு. அதன் பெயர் பொதுவாகக் குடும்பத் தலைவரான ஆணின் பெயரிலேயே பதிவாகிறது. இப்பதிவு வெறும் நிதிக் கணக்கன்று. மணமகன் வேறு மஹல்லாவைச் சேர்ந்தவராயின் அவருடைய ஜமாஅத்திலிருந்து கடிதம் பெறப்படுகிறது. அடக்கத்தலத்தில் இடம் பெறுவதற்கும், பைத்துல் மால் நிதியிலிருந்து உதவி கோருவதற்கும், ரமலானில் நோன்புக் கஞ்சிச் செலவைப் பகிர்வதற்கும் இதுவே அடிப்படை. 2001 முதல் நோன்புக் கஞ்சிக்கெனத் தமிழக அரசு பள்ளிவாசல்களுக்கு அரிசி வழங்கி வருகிறது. அரசின் உதவி மக்களைச் சென்றடையும் வாயிலாகவும் ஜமாஅத் விளங்குவதை இது காட்டுகிறது.

நிக்காஹ் பதிவேடு இவற்றுள் தனித்த இடம் பெறுவது. மணமக்கள் பெயர், மணமகளின் வலீ, சாட்சிகள், மஹர் தொகை ஆகியன அதில் எழுதப்படுகின்றன. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009 எல்லாச் சமயத்தாரும் திருமணத்தை 90 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என விதித்த பின்னரும் இப்பதிவேட்டின் பயன் குறையவில்லை. அரசுப் பதிவுக்குரிய முதன்மைச் சான்றாக அது தொடர்கிறது.

மக்தப் மதரஸாவின் இயல்பு

மக்தப் என்பது பள்ளிவாசலோடு இணைந்த தொடக்கநிலை மார்க்கக் கல்வி. பள்ளிக்கூட நேரத்தைத் தவிர்த்துக் காலையிலும் மாலையிலும் இது நடைபெறும். அரபு எழுத்தறிமுகம், குர்ஆன் ஓதுதல், கலிமா, துஆக்கள், தொழுகை முறை, நபிகளாரின் வாழ்வு, நல்லொழுக்கம் ஆகியன இதன் பாடங்கள். ஆலிம் பட்டத்திற்குரிய உயர்கல்வியை அரபிக் கல்லூரிகள் அளிக்கின்றன. மக்தப் அத்தகைய தொழிற்கல்வி அன்று. மஹல்லாவின் எல்லாக் குழந்தைகளுக்கும் உரிய பொதுக்கல்வி.

இவ்விரு நிலைகளும் ஒன்றையொன்று சார்ந்தவை. மௌலானா அப்துல் வஹ்ஹாப் நிறுவிய வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தும், தோல் வணிகரான காக்கா முஹம்மது உமர் 1924இல் தோற்றுவித்த உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாமும் ஆலிம்களை உருவாக்கும் வட தமிழகத்தின் பெருநிறுவனங்கள். இத்தகைய கல்லூரிகளில் பயின்றோரே சிற்றூர்களில் இமாமாகவும் மக்தப் ஆசிரியராகவும் பணியாற்றுகின்றனர். பெயருக்குப் பின் வரும் 'பாகவி', 'உமரி' என்னும் அடைகள் அவர்கள் பயின்ற நிறுவனத்தைச் சுட்டுவன. குர்ஆனுக்குத் தமிழில் முழுமையான மொழிபெயர்ப்பை வழங்கிய முன்னோடியான அப்துல் ஹமீது பாகவியின் பெயரிலும் இவ்வடை அமைந்திருப்பது குறிப்பிடத்தக்கது.

நிதிநிலையிலும் தொடர்பு உண்டு. பக்ரீத் குர்பானித் தோல்களின் விற்பனைத் தொகை மதரஸாக்களின் வருவாய்களுள் ஒன்று. ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழில் செழித்த காலத்தில் அது கணிசமான தொகையாக இருந்தது. அண்மை ஆண்டுகளில் தோல் விலை பெரிதும் வீழ்ந்தமையால் சந்தாவையும் நன்கொடையையும் மிகுதியாகச் சார்ந்திருக்கும் நிலை ஏற்பட்டுள்ளது. தலைக்கட்டு குறைந்த சிற்றூரில் இச்சுமை ஆசிரியரின் ஊதியத்தையே முதலில் தாக்குகிறது. 2009இல் அமைக்கப்பட்ட உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நலவாரியம் சில நல உதவிகளை அளித்தாலும், மாத ஊதியம் ஜமாஅத்தின் பொறுப்பாகவே உள்ளது.

மொழியும் எழுத்தறிவும்

வட மாவட்ட முஸ்லிம்களுள் தக்னி உருது பேசுவோரும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோரும் கலந்து வாழ்கின்றனர். உருது பேசும் இல்லத்துக் குழந்தைக்கு வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் தமிழும் ஆங்கிலமும், மக்தபில் அரபு என நான்கு மொழிகள் சேர்கின்றன. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் பள்ளிகளில் தமிழைக் கட்டாயமாக்கியது. உருது இல்லத்துக் குழந்தைகளும் தமிழில் எளிதாக வாசிக்கும் தலைமுறையாக வளர்வதால், மக்தப் விளக்கங்களும் வெள்ளிக்கிழமைப் பயானும் எம்மொழியில் அமைய வேண்டும் என்பது ஜமாஅத்தின் நடைமுறைக் கேள்வியாகியுள்ளது.

இதற்கு வரலாற்று முன்மாதிரி உண்டு. அரபு வரிவடிவில் தமிழை எழுதும் அரபுத்தமிழ், மக்தபில் அரபு எழுத்தைக் கற்றவர் தமிழ் வரிவடிவம் அறியாமலேயே தமிழில் மார்க்க நூல்களைப் படிக்க வழிசெய்தது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்றோர் அதில் நூல்கள் இயற்றினர். பள்ளிக்கூடம் செல்லாத முஸ்லிம் பெண்களுக்கு அதுவே எழுத்தறிவாக அமைந்தது. பொதுக்கல்வி பரவியபோது அரபுத்தமிழ் அருகியது. ஆயினும், பெண் குழந்தைக்குப் பள்ளிவாசல் சார்ந்த கல்வி எழுத்தறிவின் வாயிலாக இருந்தது என்னும் வரலாறு மறக்கத்தக்கதன்று.

இரு பதிவேடுகளும் பெண்களும்

மக்தப் மாணவர் பதிவேட்டில் சிறுவனும் சிறுமியும் தத்தம் பெயரிலேயே இடம்பெறுகின்றனர். சிறுமியர் பருவமெய்தும் முன்னோ பின்னோ மக்தபிலிருந்து விலகுவது பரவலான வழக்கம். அதன்பின் அப்பெண்ணின் பெயர் பள்ளிவாசல் ஆவணங்களில் மீண்டும் இடம்பெறுவது பெரும்பாலும் நிக்காஹ் பதிவேட்டில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் தந்தையின் தலைக்கட்டிலும், பின்னர் கணவனின் தலைக்கட்டிலும் அடங்கிவிடுகிறார்.

இவ்விடைவெளி மணவாழ்வில் சிக்கல் எழும்போது வெளிப்படுகிறது. மணமுறிவு, மஹர், குழந்தை பராமரிப்பு ஆகியன ஜமாஅத்தின் முன் வரும்போது, பேசுவோரும் முடிவெடுப்போரும் தலைக்கட்டுப் பெயருக்குரிய ஆண்களே. புதுக்கோட்டையை மையமாகக் கொண்டு ஷரிஃபா கானம் முன்னெடுத்த தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத் இக்குறையை 2000களின் தொடக்கத்திலேயே பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. ஃபத்வாவுக்குச் சட்டக் கட்டாயம் இல்லை என 2014இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. எனவே, ஜமாஅத்தின் சொல் இருதரப்பின் உடன்பாட்டால் மட்டுமே நிலைபெறும். பெண்ணின் குரலைக் கேளாமல் உடன்பாடு என்பது பொருளற்றது.

பெண்களுக்கான நிஸ்வான் மதரஸாக்கள் இவ்விடைவெளியை ஓரளவு நிரப்புகின்றன. அங்குப் பயின்ற ஆலிமாக்கள் சிற்றூருக்கு மக்தப் ஆசிரியைகளாகத் திரும்பும்போது, பருவமெய்திய சிறுமியரின் கல்வி தொடர வாய்ப்பு உண்டாகிறது. அது பெண்கள் மட்டும் கூடும் இடமாகவும், தம் குறைகளை ஜமாஅத்திற்கு எடுத்துச்சொல்லும் வழியாகவும் அமையலாம்.

முடிவுரை

சிற்றூர்ப் பள்ளிவாசலின் ஆற்றல் கட்டடத்தின் பெருமையில் இல்லை. அது யாரை, எந்த அலகில் தன் உறுப்பினராக எண்ணுகிறது என்பதில் உள்ளது. ஜமாஅத் தலைக்கட்டை எண்ணுகிறது. மக்தப் ஒவ்வொரு குழந்தையையும் எண்ணுகிறது. மக்தப் கல்வியைச் சிறுமியருக்குத் தொடர்தல், ஆசிரியர் ஊதியத்தை உறுதிப்படுத்தல், பிணக்குத் தீர்வில் பெண்களுக்கு இடமளித்தல் ஆகிய மூன்றும் இவ்விரு கணக்குகளையும் இணைக்கும் வழிகளாகும். மாணவர் பதிவேடு, சந்தாப் பதிவேடு, நிக்காஹ் பதிவேடு ஆகியவற்றை ஒப்பிட்டு ஆராய்வது தமிழக முஸ்லிம்களின் சமூக வரலாற்றுக்குப் புதிய சான்றுகளைத் தரும். பல ஊர்களில் இவை பழுதடைந்து வருவதால், அவற்றைப் பாதுகாத்து எண்மப்படுத்தும் பணியை ஆய்வுலகம் ஜமாஅத்துகளுடன் இணைந்து விரைந்து மேற்கொள்ள வேண்டும்.