"யார்கிட்டயும் சொல்லாதீங்க சார்!" மாணவி சொன்ன ரகசியத்தை மறைத்தால் பேராசிரியருக்கு ஜெயில்!

வகுப்பு முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். ஒரு மாணவி மட்டும் நிற்கிறாள். கண் கலங்கியிருக்கிறது.

"சார்... உங்களை நம்பித்தான் சொல்றேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று தொடங்கி, தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைச் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பேராசிரியர் என்ன செய்வார்? வாக்குக் கொடுத்தோமே என்று வாயை மூடிக்கொண்டால், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் அவர் கம்பி எண்ண வேண்டியதுதான்!

வேலையும் போச்சு

இதற்கான சட்டம் 2019-ல் அங்கே நிறைவேறியது. 2020 ஜனவரி 1 முதல் தண்டனை அமலுக்கு வந்தது. பலாத்காரம், பாலியல் தொல்லை, காதலர் கொடுமை, பின்தொடர்ந்து மிரட்டுவது ஆகியவை பற்றித் தெரிய வந்தால், கல்லூரி ஊழியர் உடனே அதற்கான அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். பேராசிரியர் என்றில்லை, ஆபீஸ் கிளார்க்குக்கும் இதே சட்டம்தான்.

தெரிந்தே மறைத்தால் 180 நாள் வரை ஜெயில், 2 ஆயிரம் டாலர் வரை அபராதம். மூடி மறைக்கும் நோக்கம் இருந்தால் ஓராண்டு வரை ஜெயில், 4 ஆயிரம் டாலர் வரை அபராதம். வேலையும் பறிபோகும். சட்டத்தை மதிக்காத பல்கலைக்கழகத்துக்கு 20 லட்சம் டாலர் வரை அபராதம்!

ஏன் இத்தனை கடுமை?

அதே மாநிலத்தின் பெய்லர் பல்கலைக்கழகம் 2016-ல் நாறியது. கால்பந்து வீரர்கள் மீதான புகார்கள் தெரிந்தும், அணி நிர்வாகத்தினர் உரிய அதிகாரிக்குச் சொல்லவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. பயிற்சியாளர் ஆர்ட் பிரைல்ஸ் வெளியேற்றப்பட்டார். பல்கலைக்கழகத் தலைவர் கென் ஸ்டாரின் பதவியும் பறிபோனது. ஒரு காலத்தில் ஜனாதிபதி கிளிண்டனையே குடைந்து விசாரித்த அதே ஸ்டார்தான்!

"அப்போ யார்கிட்ட சொல்றது?"

சட்டத்துக்கு எதிர்ப்பும் உண்டு. "வாயைத் திறந்தாலே ரிப்போர்ட் போய்விடும் என்றால், எந்தப் பெண் வாயைத் திறப்பாள்?" என்பது எதிர்ப்பாளர்களின் கேள்வி. அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ரகசியம் காக்க நியமிக்கப்பட்ட மனநல ஆலோசகர் போன்றவர்கள், என்ன வகைச் சம்பவம் என்று மட்டும் சொன்னால் போதும். பெண்ணின் பெயரைச் சொல்ல வேண்டாம். விசாரணையே வேண்டாம் என்று மாணவி கேட்கலாம். ஆனால் முடிவு நிர்வாகத்தின் கையில்.

நல்லெண்ணத்தோடு தெரிவித்தவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. கெடுதல் செய்யப் பொய் ரிப்போர்ட் கொடுத்தால் அவருக்கும் தண்டனைதான்.

முதலிலேயே சொல்லிவிடுங்கள்!

டெக்சாசில் நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் படிக்கிறார்கள். பேராசிரியர்களாக இருக்கும் தமிழர்களும் உண்டு. அங்கே ஒரு மாணவி அழுதுகொண்டு வந்தால், முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: "அம்மா, நீ சொல்றதை நான் மேலே சொல்லியே ஆகணும். ரகசியமாப் பேசணும்னா ஆலோசகர் இருக்கார், வா கூட்டிட்டுப் போறேன்."

காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுத்து, பிறகு அந்தப் பெண்ணை இரண்டாவது முறை நோகடிப்பதை விட இது மேல் அல்லவா?