திரையில் சாளரங்களை மாற்றும் முறை

இந்திய வானிலைத் துறையின் வேளாண் வானிலையியல் பிரிவு 1932-ஆம் ஆண்டில் புனே நகரில் தொடங்கப்பெற்றது. உழவர்களுக்கான மாவட்ட வேளாண் வானிலை அறிக்கைகள் வாரந்தோறும் செவ்வாய், வெள்ளி ஆகிய இரு கிழமைகளில் வெளியிடப்படுகின்றன. இத்தகைய அறிக்கையைத் தயாரிக்கும் அலுவலர், காலை 8.30 மணிக்கு அளந்த மழைப் பட்டியல், செயற்கைக் கோள் படம், முன்னறிவிப்பு வரைபடம், பயிர் நிலைக் குறிப்பு, எழுதப்படும் அறிக்கை ஆகியவற்றை ஒரே கணிப்பொறித் திரையில் திறந்து வைக்க நேரிடுகிறது. முன்னாளைய பட்டியல் கொண்ட சாளரத்தினின்று தவறுதலாக ஓர் எண்ணை எடுத்தெழுதினால், அதை நம்பும் உழவர் மருந்து தெளிக்கும் நாளையோ அறுவடை நாளையோ பிழையாகத் தேர்ந்துகொள்வார். ஆகவே சாளரங்களை ஒழுங்காக மாற்றும் பழக்கம் அற்பமானதன்று.

விசைப்பலகையா, மௌஸா?

கார்டு, மோரன், நியூவெல் ஆகிய அமெரிக்க ஆராய்ச்சியாளர் மூவர் கணிப்பொறியில் கைகள் செய்யும் வேலைகளைக் கூறு கூறாகப் பிரித்து, 1980-இல் அவற்றின் கால அளவுகளை வெளியிட்டனர். விசைப்பலகைக்கும் மௌஸுக்கும் இடையே கை ஒருமுறை பெயர 0.4 வினாடியும், குறியைச் சுட்ட ஏறத்தாழ 1.1 வினாடியும், அதை அழுத்தி விட 0.2 வினாடியும் செல்லும். கை திரும்பி வருவதையும் சேர்த்தால் மொத்தம் 2.1 வினாடி ஆகிறது. நடுத்தரப் பயிற்சி உடையவர் ஒரு விசையை அழுத்த 0.28 வினாடி போதும். ஆல்ட், டேப் ஆகிய இரு விசைகளுக்கும் 0.56 வினாடியே ஆகும்.

ஒரு நாளில் இருநூறு முறை மாற்றினாலும் மிச்சமாவது சுமார் ஐந்து நிமிடமே. மெய்யான ஆதாயம் வேறு. கண் அறிக்கையை விட்டு அகன்று குறியைத் தேடும்போது மனத்தில் தாங்கிய எண் நழுவுகிறது. அந்நழுவலைத் தடுப்பதே இம்முறையின் பயன்.

ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு டேப் விசையை ஒருமுறை தட்டினால், சற்றுமுன் பயன்படுத்திய சாளரம் முன்வரும். எனவே இரு சாளரங்களிடையே மாறிமாறிச் செல்வதற்கு இதுவே சிறந்தது. சாளரங்கள் பலவாயின், ஒவ்வொன்றாகத் தள்ளிச் செல்வதினும் திரையின் கீழ்ப்பட்டையில் மௌஸால் நேரே சுட்டுதல் எளிது. வரைபடத்தில் இடங்களைச் சுட்டும் வேளையில் வலக்கை மௌஸிலேயே இருக்கட்டும். ஆல்ட், டேப் விசைகளை இடக்கையே அழுத்திவிடும்.

பணித்தளங்கள்

சாளரங்கள் வேலைக்கேற்பக் கூட்டங்கூட்டமாகவே பயன்படுகின்றன என்பதைக் கண்ட ஹெண்டர்சன், கார்டு ஆகியோர், ஒவ்வொரு வேலைக்கும் ஓர் ‘அறை’ அமைக்கும் முறையை 1986-இல் விளக்கினர். இன்றைய பணித்தளங்களும் அக்கருத்தின் வழியிலேயே அமைந்துள்ளன. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் விண்டோஸ், கண்ட்ரோல், ‘டி’ ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் புதிய பணித்தளம் பிறக்கும். ‘டி’ விசைக்கு மாறாக இட, வல அம்பு விசைகளை அழுத்தினால் தளம் மாறும். லினக்ஸ் முறைகள் பலவற்றில் கண்ட்ரோல், ஆல்ட் விசைகளுடன் அம்பு விசையை அழுத்த வேண்டும்.

மழைப் பட்டியலும் அறிக்கையும் ஒரு தளத்திலும், படங்கள் மற்றொன்றிலும், கடிதங்கள் மூன்றாவதிலும் இருப்பது நலம். எண்களை ஒப்பிடும்போது மட்டும் மாற்றுதலே வேண்டாம். விண்டோஸ் விசையுடன் இட அம்பையும் வல அம்பையும் பயன்படுத்தி, இரு சாளரங்களையும் அருகருகே நிறுத்துக.

ஆசிரியர்கள் இதைக் கற்பிக்கையில், பத்து எண்களை ஒரு சாளரத்தினின்று மற்றொன்றுக்கு முதலில் மௌஸாலும், பிறகு விசைகளாலும், இறுதியில் அருகருகே வைத்தும் மாணவர் எடுத்தெழுதும்படி செய்யலாம். ஒவ்வொரு முறையும் ஆன நேரத்துடன் நேர்ந்த பிழைகளையும் குறித்தல் வேண்டும்.

எம்முறையைக் கைக்கொள்ளினும் ஒரு விதி மாறாது. எண்ணை எடுக்குமுன், சாளரத்தின் தலைப்பையும் பட்டியலின் தேதியையும் ஒருமுறை வாசித்தறிக. விரைந்த விரல் தவறான சாளரத்தையும் விரைவாகவே திறந்துவிடும்.