நூலால் பிறந்த ஊரில்

காலடிப்பேட்டை என்பது காலடித் தடத்தால் வந்த பெயரன்று. 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராயிருந்த ஜோசப் காலெட், திருவொற்றியூரருகே நெசவாளரையும் துணிக்கு வண்ணந்தீட்டுவோரையும் குடியமர்த்தினார். காலெட்பேட்டை மக்கள் நாவில் திரிந்தது. நூலால் பிறந்த இவ்வூரில் நம் பங்குப் பெண்கள் நூல்வேலையைக் கூடிக் கற்றால் என்ன?

நம் திருச்சபைக்கு இது புதிதன்று. 1897இல் பெல்ஜியத்திலிருந்து குமரி மாவட்ட முளகுமூட்டுக்கு வந்த அன்னை மரி லூயிஸ் தெ மீஸ்டர் தொடங்கிய கன்னியர் இல்லத்தில், லேஸ் பின்னல் பல ஏழைப் பெண்களுக்குப் பிழைப்புக்கு வழியாயிற்று.

குரோஷா வேலையைப் புத்தகம் பார்த்துத் தனியே கற்பது கடினம் என்பதே எம் எண்ணம். இடக்கை விரலில் நூலை எவ்வளவு இறுக்குவதென்று படம் காட்டாது. அருகமர்ந்தவர் விரலைத் தொட்டுக் காட்டவேண்டும். வரிசைதோறும் ஒரு கண்ணி குறைந்தால் சதுரம் முக்கோணமாகிவிடும். அதை முதலில் காண்பது பெரும்பாலும் அடுத்தவர் கண்ணே. ஐந்தாறு பேர் போதும். மிகுந்தால் பேச்சுதான் வளரும்! செலவோ ஓர் ஊசி, ஒரு நூற்கண்டு. இக்கலையறிந்த பாட்டிமாருக்குப் பார்வை மங்கி வருகிறது. அவர்கள் கைகள் மறக்குமுன் பேத்தியர் கேட்டுக்கொள்ளட்டும்.

முதல் வேலையாகப் பீடத்துணிக்கு விளிம்பு பின்னலாம்; ஆளுக்கொரு சாண். கைக்குக் கை இறுக்கம் மாறுமாதலால், அனைவரும் ஒரே அளவு ஊசியும் ஒரே நூலும் கொள்வது நன்று.