பனங்காடை எங்கே?

வயலோரக் கம்பியில் வீற்றிருந்து, வெட்டுக்கிளியையும் வண்டையும் பாய்ந்து பிடிக்கும் நீலச்சிறகுப் பனங்காடையை உழவர் நன்கறிவர். 2023-ஆம் ஆண்டில் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்னும் அறிக்கை, 12 ஆண்டுகளில் அதன் தொகை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்ததெனக் கூறுகின்றது. மயிலோ பெருகியுள்ளது.

இக்கணக்கை எடுத்தவர் யாவர்? 30,000-க்கு மேற்பட்ட தன்னார்வலர்களே. ‘ஈபேர்டு’ என்னும் இணையப் பதிவேட்டில் அவர்கள் சேர்த்த குறிப்புகள் ஏறத்தாழ 3 கோடி.

முறை எளிது. ஓரிடத்தில் 15 நிமிடமேனும் நின்று, கண்ட பறவைகள் அனைத்தையும் எண்ணிக்கையுடன் குறித்தல் வேண்டும். காகமும் மைனாவும் அற்பமென விடலாகாது. முழுப்பட்டியலில் ஒரு பறவையின் பெயர் இல்லையெனில், அன்று அங்கு அது தென்படவில்லை என்பதும் ஒரு செய்தியே. நூறு பட்டியல்களில் எத்தனையில் பனங்காடை உளது என்பதை ஆண்டுதோறும் ஒப்பிட்டே ஏற்றத்தாழ்வை அறிகின்றனர். வலசைப் பறவைகளின் வருகையும் மீட்சியும் இவ்வாறே புலனாகும்.

தமிழகத்தில் 2015 முதல் பொங்கல் நாட்களில் இத்தகைய கணக்கெடுப்பு நடைபெறுகின்றது. நாள்தோறும் வயலில் நிற்கும் நம் அங்கத்தினர்கள் அதிற் பங்குகொள்வார்களாக. பனங்காடையைக் காணாத நாளிலும் பட்டியலை எழுதுவார்களாக.