ஒரு டேங்க் பெட்ரோல் எங்கே போகிறது?

பள்ளி விடுமுறை நெருங்கினால் சில வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பும். "இந்த முறை காரிலேயே தாய்லாந்து போவோமா? சியாங் மாய் வரைக்கும்?" ஈப்போவிலிருந்து போகவர ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர். அப்புறம் யாராவது ஒரு மாமாவோ சித்தப்பாவோ சொல்வார்: "அதுக்கு ஃபோர் வீல் இருந்தா நல்லா இருக்கும். பழசா ஒண்ணு பார்ப்போம்."

அப்படிப் பார்க்கப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள், மாணவர்களே. பணம் கொடுப்பது பெரியவர்கள்தான். ஆனால் பெரியவர்கள் பெயிண்டைப் பார்ப்பார்கள், இருக்கையைத் தடவுவார்கள், பாட்டுப் போட்டுக் கேட்பார்கள். உங்களுக்கு இயற்பியல் தெரியும். பழைய வண்டி வாங்கும் இடத்தில் அது எவ்வளவு உதவும் என்பதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய பெட்ரோல் ஃபோர் வீல் வாங்கினேன். பளபளவென்று இருந்தது, நான்கும் புது டயர். கோலாலம்பூரிலிருந்து ஈப்போ வரை சுகமாக ஓடியது. சிம்பாங் பூலாயில் திரும்பிக் கேமரன் மலை ஏறினோம். பாதி மலையில் வெப்பமுள் மேலே போனது. ஒதுங்கி நிறுத்துவதற்குள் முன்பக்கம் ஆவி. உள்ளே என் அம்மாவும் அக்காவும் அக்காள் மகனும். குறுகிய ஓரம், பக்கத்தில் லாரிகள். இழுவை லாரி வர மூன்று மணி நேரம் ஆனது.

பட்டறையில் கழற்றிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. ரேடியேட்டருக்கு முன்னால் குளிர்சாதனத்தின் கண்டன்சர் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் விரல் அளவு இடைவெளி. அந்த இடைவெளி முழுக்கக் காய்ந்த சேறு! முந்திய உரிமையாளர் சேற்றுப் பாதையில் விளையாடியிருக்கிறார். விற்கும் முன் வெளியே மட்டும் கழுவியிருக்கிறார். சமவெளியில் தாக்குப்பிடித்த ரேடியேட்டர் மலையில் தோற்றது. ஏன் மலையில் மட்டும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆட்களும் பைகளும் சேர்ந்து வண்டி 2,000 கிலோகிராம் என்று வையுங்கள். சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜா ஏறக்குறைய 1,300 மீட்டர் உயரம். நிலையாற்றல் என்பது நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றின் பெருக்கல். 2,000 × 9.8 × 1,300. விடை ஏறக்குறைய 2.5 கோடி ஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 3.2 கோடி ஜூல். அப்படியானால் ஒரு லிட்டர்கூட முழுதாக வேண்டாமே!

வேண்டும். சாலையில் ஓடும் பெட்ரோல் எஞ்சின், எரிபொருளின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கைத்தான் சக்கரத்துக்குத் தரும் என்று பொதுவாகக் கொள்ளலாம். ஆகவே வண்டியை மேலே தூக்குவதற்கு மட்டும் 3 லிட்டருக்கு மேல் எரிய வேண்டும். காற்றுக்கும் டயர் உராய்வுக்கும் ஆகும் செலவு தனி. மீதி ஆற்றல், அதாவது 7 கோடி ஜூலுக்கு மேல், வெறும் வெப்பம். பாதிக்கு மேல் புகைக்குழாய் வழியாகப் போய்விடும். மிச்சத்தை ரேடியேட்டர்தான் வெளியேற்ற வேண்டும். அதை 3 கோடி ஜூல் என்று வைத்தால், 30 டிகிரியில் இருக்கும் 100 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம் அது. எஞ்சினுக்குள் சுற்றும் குளிர்விப்புத் திரவமோ ஏழெட்டு லிட்டர்தான். வெளியேற்றும் வழி அடைபட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வாங்குவதற்கு முன் குதிரைத்திறனைப் பற்றி அதிகம் கேட்காதீர்கள். வெப்பம் எப்படி வெளியே போகிறது என்று பாருங்கள். பெட்ரோல் வண்டி வாங்குவதில் முக்கால்வாசி வேலை அதுதான் என்பது என் கருத்து.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். போனதும் பானட்டைத் தொடுங்கள். சூடாக இருந்தால் விற்பவர் முன்பே ஓட்டி வைத்திருக்கிறார். காலையில் முதல் முறை கிளப்பும்போது வரும் குறைகளை நீங்கள் பார்க்க முடியாது. இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம். குளிர்ந்த நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். திரவம் பச்சையாகவோ சிவப்பாகவோ தெளிவாக இருக்க வேண்டும். செம்மண் நிறம் என்றால் உள்ளே துரு. மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் அங்கேயே நன்றி சொல்லிப் புறப்படுங்கள்.

அந்த மூடியும் சாதாரணப் பொருள் அல்ல. பல மூடிகளின் மேல் 0.9 அல்லது 1.1 என்று பொறித்திருக்கும். அந்த அளவு அழுத்தம் வரை அது உள்ளே அடக்கி வைக்கும். அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும் என்று படித்திருப்பீர்கள். அதனால் உள்ளே இருக்கும் நீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 டிகிரி வரை தாங்கும். தேய்ந்துபோன மூடி இந்த வசதியைப் பறித்துவிடும். சூடான எஞ்சினில் அந்த மூடியை யாரும், எந்தக் காரணத்துக்கும், திறக்கக் கூடாது. அழுத்தம் விட்ட மறுகணம் நீர் பொங்கி முகத்தில் அடிக்கும்.

இப்போது எஞ்சினைக் கிளப்பச் சொல்லிவிட்டு, புகைக்குழாய்க்குப் பக்கவாட்டில் நில்லுங்கள். காலையில் கொஞ்சம் வெள்ளை ஆவி வந்து மறைந்தால் பயம் வேண்டாம். பெட்ரோல் எரிந்தால் கரியமில வாயுவோடு நீரும் உண்டாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலிலிருந்து ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர். அந்த நீராவிதான் அது. எஞ்சின் சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் இனிப்பு வாடையோடு வந்தால், குளிர்விப்புத் திரவம் எஞ்சினுக்குள் புகுந்து எரிகிறது. பல பழைய எஞ்சின்களில் கீழ்ப்பகுதி வார்ப்பிரும்பு, தலைப்பகுதி அலுமினியம். அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகமாக விரியும். ஒரு முறை அளவு மீறிச் சூடானால் தலை வளைந்து, நடுவில் உள்ள கேஸ்கட் கிழிந்துவிடும். நீலப் புகை என்றால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது.

பிறகு இருபது நிமிடமாவது ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மேட்டுச் சாலை வேண்டும். குளிர்சாதனம் முழு வேகத்தில். திரும்பி வந்து எஞ்சினை நிறுத்தாமல் பத்து நிமிடம். முள் அசையக் கூடாது. விசிறி தானாகச் சுற்ற வேண்டும்.

"டீசல் வாங்கினால் எண்ணெய்ச் செலவு குறையுமே" என்று யாராவது கேட்பார்கள். டீசல் எஞ்சின் குறைவாகக் குடிக்கும் என்பது உண்மை. ஆனால் 2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக ஏறியது. அப்போது ரோன் 95 பெட்ரோல் 2.05 ரிங்கிட். கணக்கு ஒரே நாளில் புரண்டது. பழைய பெட்ரோல் வண்டிகளை மீண்டும் திரும்பிப் பார்க்க அதுவும் ஒரு காரணம்.

எந்த வண்டி? மூன்றை மட்டும் ஒப்பிடுகிறேன். டொயோட்டா லேண்ட் குரூசர் 80, 4.5 லிட்டர் எஞ்சின், டேங்க் 95 லிட்டர். சுஸுக்கி ஜிம்னி, 1.3 லிட்டர் எஞ்சின், டேங்க் 40 லிட்டர். 2005இல் வந்த ஐந்து கதவு சுஸுக்கி கிராண்ட் விட்டாரா, 2 லிட்டர் எஞ்சின், டேங்க் 66 லிட்டர். பெரிய டேங்க்தான் தூரம் போகும் என்று நினைப்பீர்கள். வயதான வண்டி, சுமையோடு, 100 கிலோமீட்டருக்கு முறையே 20, 9, 11 லிட்டர் குடிக்கும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். லேண்ட் குரூசர் 475 கிலோமீட்டர். குட்டி ஜிம்னி 444! விட்டாரா 600. அதில் ஐந்தில் ஒரு பங்கை அவசரத்துக்கு ஒதுக்கினால் 480. கிரிக்கிலிருந்து ஜெலி வரை காட்டுக்குள் போகும் ஏறக்குறைய 120 கிலோமீட்டர் சாலைக்கு இது தாராளம். ஆனால் சேற்றில், தாழ்ந்த கியரில், இந்த எண்கள் பாதியாகக்கூடக் குறையலாம்.

வேகமும் டேங்கைக் காலி செய்யும். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 90இல் போனவர் 110க்கு ஏற்றினால் தடை ஒன்றரை மடங்கு. கூரையில் கூடை இருந்தால் அதற்கும் மேல்.

ஃபோர் வீல் பாகத்துக்கு வருவோம். சியாங் மாய் பயணத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தார்ச்சாலை; அங்கே இரண்டு சக்கர இயக்கமே போதும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். நான்கு சக்கரம் என்பது கூடுதல் எடை, கூடுதல் உராய்வு. ஆனால் மழையில் நனைந்த ஒரே ஒரு செம்மண் மேடு வரும்போது அதன் அருமை புரியும்.

வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட வழியில் போகின்றன. அந்த வேறுபாட்டைச் சமாளிக்க நடுவில் ஒரு டிஃபரன்ஷியல் வேண்டும். விட்டாராவில் அது உண்டு. நடு டிஃபரன்ஷியல் இல்லாத வண்டிகளில் காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கரத்தையும் இணைத்து ஓட்டினால் தண்டுகள் முறுக்கேறிப் பல்சக்கரங்கள் தேயும். இணைப்பைச் சோதிக்க வேண்டுமானால் புல்தரையில் சோதியுங்கள். விளக்கு எரிகிறதா, அணைகிறதா? பலர் ஆண்டுக்கணக்கில் அந்தப் பொத்தானைத் தொடுவதே இல்லை. தொடும்போது அது இறுகிப் போயிருக்கும்.

டயரையும் பாருங்கள். விட்டாரா டயரின் விட்டம் ஏறக்குறைய 72 சென்டிமீட்டர்; ஒரு கிலோமீட்டருக்கு 440 சுற்று. முன்னால் புது டயர், பின்னால் 5 மில்லிமீட்டர் தேய்ந்த டயர் என்றால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 6 சுற்று வித்தியாசம். 4,000 கிலோமீட்டருக்கு 24,000 சுற்று. அத்தனையையும் நடு டிஃபரன்ஷியல் விழுங்க வேண்டும்.

தாழ்ந்த கியர் வரிசை விட்டாராவில் வேகத்தை ஏறக்குறைய பாதியாக்கி, சக்கரத்தின் திருப்புவிசையை இரட்டிப்பாக்கும். ஏறுவதைவிட இறங்கும்போது அது முக்கியம். மேலே கொண்டுபோன அந்த 2.5 கோடி ஜூலையும் கீழே வரும்போது எங்கோ தொலைக்க வேண்டுமே! சாதாரண மலைச்சாலையில் சிறிய கியரே போதும்; செங்குத்தான மண்பாதையில் தாழ்ந்த வரிசை. பிரேக்கை மட்டும் நம்பினால் எல்லாம் பிரேக்கிலேயே வெப்பமாகும்.

தாய்லாந்தில் எண்ணெய் போடும்போது ஒரு எச்சரிக்கை. அங்கே எத்தனால் கலந்த பெட்ரோல் அதிகம். இ10, இ20 என்று எழுதியிருக்கும். எண் எத்தனாலின் விழுக்காடு. எத்தனாலில் லிட்டருக்கு ஆற்றல் குறைவு, ஆகவே இ20 போட்டால் ஏறக்குறைய 7 விழுக்காடு தூரம் குறையும். பழைய வண்டியின் ரப்பர் குழாய்களையும் அது கெடுக்கலாம். கையேட்டில் அனுமதி இல்லாவிட்டால் தொடாதீர்கள்.

முதல் வண்டியை விற்ற பிறகு மறுபடி தேடினேன். இந்த முறை படிவம் நான்கில் படிக்கும் அக்காள் மகன் கூட வந்தான். ஒரு வண்டி எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. விலையும் குறைவு. நான் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் பின் இருக்கையின் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தான்.

"மாமா, இங்க வாங்களேன்."

பெல்ட்டின் அடிப்பகுதியில் நேர்க்கோடு போட்டதுபோல் மண் கறை. 2021 டிசம்பரில் ஷா ஆலாமும் கிள்ளானும் மூழ்கியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். இதுவும் எங்கோ வெள்ளத்தில் நின்ற வண்டி. இருக்கையைக் கழுவியவர்கள் பெல்ட்டை முழுதாக இழுத்துக் கழுவவில்லை. மின்கம்பிகளின் இணைப்புகளில் நீர் புகுந்தால் மெல்லத் துருப்பிடித்து, எப்போது கைவிடும் என்று சொல்ல முடியாது. உரிமை மாற்றத்துக்கான புஸ்பகோம் சோதனையை மட்டும் நம்பாமல், தெரிந்த மெக்கானிக் ஒருவரிடமும் காட்டுவது அதனால்தான்.

நான்காவதாகப் பார்த்த வண்டியை வாங்கினோம். ஒரு கிராண்ட் விட்டாரா. பெயிண்ட் மங்கல், கதவில் ஒரு நசுங்கல், ஆனால் பராமரிப்புப் புத்தகம் முழுதாக இருந்தது. மீட்டர் காட்டிய தூரமும் பிரேக் மிதியின் தேய்மானமும் ஒத்துப்போயின. முதல் வேலையாக ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தோம். சிம்பாங் பூலாயில் ஏறியபோது அம்மா சாலையைப் பார்க்கவில்லை, முள்ளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். அது நடுவிலேயே நின்றது.

எண்ணெய்க் கணக்கு மருமகன் பொறுப்பு. டேங்கை நிரப்பி மீட்டரைச் சுழியமாக்கினான். 300 கிலோமீட்டர் போனதும் மறுபடி நிரப்பினான். 36 லிட்டர் பிடித்தது. நூறு கிலோமீட்டருக்கு 12. நான் சொன்னதைவிட ஒரு லிட்டர் அதிகம் என்று சிரித்தான். கூரையில் முந்திய உரிமையாளர் மாட்டிய காலிக் கூடை ஒன்று இருந்தது. மறுவாரமே அதைக் கழற்றினோம்.