சுமை தாங்கும் கயாக்

ஆஸ்கர் ஸ்பெக் என்ற ஜெர்மானியர் 1932இல் உல்ம் நகரில் டானூப் ஆற்றில் கயாக்கை இறக்கினார். விட்டு விட்டுத் துடுப்பு வலித்து, இந்தியக் கரையோரமாக, இலங்கை வழியாக, 1939இல் ஆஸ்திரேலிய எல்லையை எட்டினார். அவர் எடுத்துக்கொண்டது இருவர் அமரும் மடக்குப் படகு. இரண்டாம் ஆளின் இடத்தைச் சாமான்களுக்கு ஒதுக்கிவிட்டுத் தனியாகக் கிளம்பினார். சுமை ஏற்றக் கயாக் வாங்குபவருக்கு இதைவிட நல்ல யோசனை கிடைப்பது அரிது: தேவைக்கு ஒரு படி பெரியதாக வாங்குங்கள்.

கயாக் அடிப்படையில் வேட்டைப் படகு. ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் மக்கள் குடும்பத்தையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் ஏற்ற, உமியாக் என்ற அகலமான திறந்த தோல் படகையே வைத்திருந்தார்கள்.

ஆகவே கயாக்கில் முதலில் பார்க்க வேண்டியது தாங்கும் எடை. கடையில் "150 கிலோ தாங்கும்" என்பார்கள். அந்தக் கணக்கில் நீங்களும் அடக்கம். அதோடு, எல்லா நிறுவனங்களும் ஒரே முறையில் அளப்பதில்லை. எனவே மூன்றில் இரண்டு பங்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதாவது 100 கிலோ. உங்கள் எடை 75 என்றால் மிச்சம் 25தான். ஒரு 20 லிட்டர் தண்ணீர் கேனும் சின்னக் கூடாரமும் வைத்தால் தீர்ந்தது.

அடுத்தது அகலம். ஒரே நீளமுள்ள இரு படகுகளில் ஒன்று 60 செ.மீ., மற்றது 75 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். கூடியிருப்பது கால் பங்குதான். ஆனால் சாய்வை எதிர்க்கும் திறன் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். நீர்மட்டத்தில் உள்ள அகலத்தின் மும்மடிக்கு ஏற்ப அது உயர்வதே காரணம். அதற்காகத் தோணி போல அகன்றதை வாங்கினால் துடுப்பு எட்டாது, வேகமும் போய்விடும். ஏரிக்கு அகலம் சரி. கடலில் நெடுந்தூரம் போகிறவர்கள் நீளத்தைக் கூட்டிக்கொள்வதே மேல்.

இதையெல்லாம்விட முக்கியம், எடை எங்கே உட்காருகிறது என்பது. தண்ணீர் கேன் போன்ற கனமானவை இருக்கையை ஒட்டினாற்போல், படகின் அடித்தளத்தில் கிடக்க வேண்டும். அப்படி அடுக்கினால் வெறும் படகைவிடச் சுமையேற்றிய படகு ஆடாமல் நிற்கும். அதே கேனை மேல்தளத்தில் கட்டினால் முதல் அலையிலேயே கவிழப் பார்க்கும். உள்ளே அமரும் வகை என்றால், முன்னும் பின்னும் நீர்புகாத் தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கவிழ்ந்தாலும் நடு அறையில் மட்டுமே நீர் நிறையும். இல்லாத படகில் உள்ளே புகுந்த நீர் சாயும் பக்கமே ஓடிச் சேர்ந்து மேலும் சாய்க்கும்.

மேலே அமரும் வகையில் நீர் வடிய அடிவரை துளைகள் இருக்கும். சுமை மிஞ்சினால் அந்தத் துளைகள் வழியாகவே தண்ணீர் மேலேறி இருக்கையை நனைக்கும். சுமை மிஞ்சியதை எந்த விளம்பரத் தாளும் இவ்வளவு நேர்மையாகச் சொல்லாது. ஆகவே பணம் கொடுப்பதற்கு முன், உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொண்டு, ஏற்றப்போகும் எடையை அப்படியே ஏற்றி, இடுப்பளவுத் தண்ணீரில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். அதற்குச் சம்மதிக்காத கடைக்காரரிடம் வாங்காதீர்கள்.